ஜெயலட்சுமி சொல்லாத வசனம்

1

இந்தக் கதை என் இடுப்பிலிருந்து வந்தது. கதை மனசிலிருந்து ஊறி வருகிறது என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. என்னுடையது முதுகெலும்பின் கடைசிப் பகுதியில், இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய ஜவ்வு பிதுங்கியதால் வந்தது. மாடியிலிருந்து விழவில்லை, மூட்டை தூக்கவில்லை. குளிக்கும்போது கீழே விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் ஏதோ விட்டுப்போய், இடது கால் பெருவிரல் வரை கரண்ட் ஓடியது. அன்றிலிருந்து நான் உட்காருவதில்லை. நிற்கிறேன், இல்லையென்றால் படுக்கிறேன். இதைக்கூட சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். பக்கத்தில் மிளகாய்த்தூள் டப்பா.

எனக்குப் பார்த்த டாக்டர் நல்லவர். ஜவ்வு பிதுங்கியவர்கள் எல்லோருக்கும் கத்தி தேவையில்லை, பெரும்பாலோருக்கு மாத்திரையிலும் பயிற்சியிலும் ஆறேழு வாரத்தில் அடங்கிவிடும் என்றார். பிறகு எப்போது ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொன்னார். அவ்வளவு வாரம் பொறுத்தும் வலி வாழவிடவில்லை என்றால் யோசிக்கலாம். பாதம் வலுவிழந்து, செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தால் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்றாவதைக் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"உட்கார்ற இடத்துல மரத்துப்போனா, யூரின் வராம நின்னா, இல்ல தெரியாமலே போனா, அன்னிக்கே வந்துடணும்மா. எந்த ஆஸ்பத்திரின்னாலும் எமர்ஜென்சிக்கே போயிடுங்க. காலைல பாத்துக்கலாம்னு இருந்துட்டா அந்த நரம்பெல்லாம் திரும்ப வராது."

கூட வந்திருந்த என் கணவன் அருண்குமார் அப்போது சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் வண்டிச் சாவியைத் தேடினான். ஹெப்பகோடியில் எங்கள் வீடு வரும்வரை, நான் பின்சீட்டில் படுத்தபடி, டிராஃபிக்கைப் பற்றிப் பேசினோம், ஃபிளைஓவரைப் பற்றிப் பேசினோம். மூன்றாவதைப் பற்றி இருவரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து படுத்ததும் அதைக் கதையாக எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. வாயால் பேச முடியாததை எழுதிவிடலாம் என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களின் மூடநம்பிக்கை.

2

தொடக்கங்கள்.

"பெங்களூரின் தெற்கு ஓரத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஹெப்பகோடி என்று ஓர்—"

விட்டுவிட்டேன். சர்வே இலாகாவின் அறிக்கை மாதிரி இருக்கிறது.

"வலி என்பது ஒரு—"

இதையும் விட்டுவிட்டேன். வலி என்பது வலிதான். அதை இன்னொன்றாகச் சொல்லி அழகு பார்ப்பதற்கு வலி இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

"ஜெயலட்சுமி தண்ணீர் பாட்டிலை நிறைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் அதை நிறைவாகவே திருப்பிக் கொண்டுவருவாள்."

இது இருக்கட்டும். இதில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு பாட்டில் இருக்கிறது.

பாட்டில் நான் கற்பனை செய்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இங்கே ஒரு கார்மென்ட்ஸில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். லைனில் ஒருத்தி எழுந்து போனால் அவள் மெஷினுக்கு முன்னால் துணி குவியும், அடுத்தவள் கை சும்மா இருக்கும். சூப்பர்வைசர் நாகேஷ் திட்டவே மாட்டார். எழுந்து போகிறவளைப் பார்ப்பார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டிலைக் கொண்டுவராமல் இருந்தால் வீட்டில் கேட்பார்கள் என்று கொண்டு மட்டும் வருவார்கள். அடக்குவது அங்கே பேசப்படாத ஒரு வேலைத்தகுதி. நானும் கற்றுக்கொண்டேன். கற்றது மறக்கவில்லை, ஊரில் கல்யாணத்துக்குப் போனால் காலையில் கிளம்பி ராத்திரி வீடு வந்துதான் பாத்ரூம் கதவைத் திறப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.*

(* இந்த நட்சத்திரக் குறியை ஏன் போட்டேன் என்று இப்போது நினைவில்லை. ஏதோ விளக்கம் எழுத நினைத்திருக்கிறேன். இருக்கட்டும்.)

3

எழுத ஆரம்பித்ததுமே ஒரு சந்தேகம். என் இடுப்பு நோயை எதற்காக இந்தப் பெண்ணின் முதுகில் ஏற்றுகிறேன்? எனக்கு ஸ்கேன் எடுக்க வழி இருக்கிறது, லீவு இருக்கிறது, டாக்டர் சொன்னது புரிகிறது. கதையில் கஷ்டப்பட மட்டும் ஒரு டெய்லர் வேண்டியிருக்கிறது. ஏழையின் முதுகு எழுத்தாளருக்கு எப்போதும் வசதியான சுமைதாங்கி. வாசகர் உச்சுக்கொட்டுவார், நமக்கும் நல்ல பெயர்.

சரி என்று ஆளை மாற்றிப் பார்த்தேன். தீபிகா, ஐ.டி. கம்பெனியில் டீம் லீட், எலக்ட்ரானிக் சிட்டியில் சொந்த ஃபிளாட். இவளுக்கு மரத்துப்போனால் என்ன செய்வாள்? உடனே போனில் தேடுவாள், கேப் பிடிப்பாள், எமர்ஜென்சிக்குப் போவாள். அரைப் பக்கத்தில் கதை முடிந்துவிடுகிறது. படித்தவளுக்கு என்ன வெட்கம்? அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். மாட்டாளோ என்று—

அந்த யோசனையை அங்கேயே நிறுத்திவிட்டு ஜெயலட்சுமியிடம் திரும்பி வந்தேன்.

இந்த இடத்தில் என் வேலைமுறையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் வசனங்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் எழுதுவேன். வாயில் வராத வசனம் தாளில் வந்தாலும் பொய். புதிதாகக் கல்யாணமானபோது ஒருநாள், "இனிமே இந்த வீட்டுல ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன்" என்று கிச்சனில் நின்று சொல்ல, அருண் வெளிறிப்போய் ஓடிவந்தான். கதைதான் என்றேன். அதற்குப் பிறகு செத்தேன் பிழைத்தேன் என்று எதைச் சொன்னாலும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கதையில் அவன் பெயரையே வைத்துவிட்டேன். அதை ஆபீஸில் யாரோ படித்து ஒரு மாதம் கிண்டல் செய்தார்கள். என் பேரை மட்டும் வைக்காதே, மற்றபடி நீ யாரை வேண்டுமானாலும் கொல்லு என்று அன்று ஒப்பந்தம் ஆனது.

(இன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே தூறல். ஹாலில் அருண் கிரிக்கெட் பார்க்கிறான். எனக்கு இன்று வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. சோப்புக்குக் குனிந்த நாளிலிருந்து இவ்வளவு லேசாக இருப்பது இன்றுதான். அதனால்தான் காலையிலிருந்து ஒரே மூச்சில் எழுத முடிகிறது.)

4

இனி கதை.

ஜெயலட்சுமி போளூர் பக்கத்திலிருந்து வந்தவள். சட்டையின் பக்கவாட்டுத் தையல் அவளுடைய மெஷின். நாள் முழுக்கக் குனிந்து தைத்துத் தைத்து அவளுக்கு ஜவ்வு பிதுங்கிவிட்டது. கணவன் எத்திராஜ் டைல்ஸ் கடையில் லோடு ஏற்றுகிறவன். அவனுக்கு லீவு கிடைக்காததால் அவனுடைய தம்பி கவியரசன் அண்ணியை டாக்டரிடம் கூட்டிப்போனான். கவியரசனுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. டாக்டர் வட கர்நாடகத்தில் ஹாவேரிப் பக்கத்துக்காரர். பெங்களூர் டாக்டருக்குத் தமிழ் தெரியாதா என்று கேட்காதீர்கள், இவருக்குத் தெரியாது. கதையில் எனக்கு அப்படித்தான் வேண்டும்.

ஜெயலட்சுமிக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். முதுகில் கத்தி படக்கூடாது. அவர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் கடைசி அறையில் கோவிந்தப்பா என்று ஒருவர் இருக்கிறார். முதுகில் ஆபரேஷன் ஆகி, அதிலிருந்து படுக்கைதான். இடுப்பு வலி என்று யார் சொன்னாலும் அந்த வரிசையே கோவிந்தப்பாவைக் காட்டும். முதுகுல கத்தி வெச்சா படுக்கைதான் என்று சொல்லும். அவர் இரண்டு காலும் தொங்கிப்போய், துணியெல்லாம் நனைந்து, இனி வேறு வழியே இல்லை என்ற பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகப்பட்டவர் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். கத்திமேல் பழி போடுவது சுலபம். தாமதத்துக்கு முகம் கிடையாது.

(இங்கே கட்டுரை வாசனை அடிக்கிறது. தெரிகிறது. ஆனாலும் எடுக்கமாட்டேன்.)

டாக்டர் ஜெயலட்சுமியின் முழங்காலில் தட்டினார். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு கவியரசனைப் பார்த்து, "மூத்ர சரியாகி ஹோக்திதெயா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷம் ஹெப்பகோடியில் இருக்கிற ஜெயலட்சுமிக்கு இந்தக் கன்னடம் புரியாதா? நன்றாகவே புரிந்தது. தமிழிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானே. அவளுக்குப் புரிந்தது என்று கவியரசனுக்கும் தெரியும். ஆனால் அண்ணியிடம் அதை அப்படியே எப்படிக் கேட்பது? அவன் மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எல்லாம் நார்மலானு கேக்குறாரு அண்ணி."

"நார்மல்தான்னு சொல்லு தம்பி."

அன்று அது உண்மையும்கூட. பிறகு, என் டாக்டர் எனக்குச் சொன்ன அதே மூன்றாவதை இந்த டாக்டர் கவியரசனிடம் சொன்னார். அவனும் வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபின், "எதுனாச்சும்னா ஒடனே வரச் சொல்றாரு அண்ணி" என்றான். அவள் தலையாட்டினாள். ஒரு பெண்ணின் உடம்பில் பாதி அந்த 'எதுனாச்சும்' என்ற சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டது. இதில் யாரும் கெட்டவர் இல்லை. மூவருமே மரியாதை தெரிந்தவர்கள்.

மாத்திரை, பெல்ட், சுடுதண்ணீர் ஒத்தடம். வேலைக்கும் போனாள். ஒருநாள் காலையில் எழுந்தபோது கால் வலியைக் காணோம். எத்திராஜ் அன்று ராத்திரி வரும்போது தள்ளுவண்டியில் கோழிக் கெபாப் வாங்கிவந்தான். ஆபரேஷன் இல்லை என்று வரிசை வீடே சந்தோஷப்பட்டது. கவியரசன் போனில் கேட்டான், வலி குறைஞ்சிருக்கா அண்ணி என்று. குறைஞ்சிருக்கு தம்பி என்றாள். வலி போன இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்தே அவளுக்கு ஒன்றுக்கு வரவில்லை. அதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. நாள் முழுக்க வராமல் இருப்பதுதானே அவள் பழக்கம், திறமை, வேலை. பாட்டில் வழக்கம்போல நிறைவாக இருந்தது. குடிக்காததால் வரவில்லை என்று நினைத்தாள். மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது பஞ்சுமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தால் யாருக்குத்தான் மரத்துப்போகாது?

வேறு எந்த வேலை பார்க்கிற பெண்ணாக இருந்தாலும் பயந்திருப்பாள். அடக்கப் பழகியவளுக்கு மட்டும் இது தெரியாது.

5

இனி முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் ஜெயலட்சுமி அன்றிரவே எத்திராஜிடம் சொல்கிறாள். அவன் கெபாப் கையோடு ஆட்டோ பிடிக்கிறான். விடிவதற்குள் ஆபரேஷன். அவள் பிழைத்தாள், நடந்தாள், எல்லாம் பழையபடி ஆயிற்று. வாசகர் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். எனக்குத்தான் இதை நம்ப முடியவில்லை.

இரண்டாம் முடிவில் மூன்றாம் நாள் சொல்கிறாள். அடிவயிறு கல்லாகி, துணி தானாக நனைய ஆரம்பித்த பிறகு. ஆபரேஷன் நடக்கிறது, கால் திரும்புகிறது. மற்றது திரும்பவில்லை. இடுப்பில் ஒரு குழாயும் ஒரு பையுமாக வரிசை வீட்டுக்குத் திரும்புகிறாள். அதன் பிறகு இடுப்பு வலி என்று யார் சொன்னாலும் அந்த வரிசை இரண்டு அறைகளைக் காட்டும்.

மூன்றாம் முடிவில் அவள் சொல்லவே—

அதை எழுதி முடிக்கவில்லை. கை வரவில்லை.

கதையோடு முதல் இரண்டு முடிவுகளையும் கேத்தரினுக்கு அனுப்பினேன். கேத்தரின் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருக்கும் என் சிநேகிதி, ஸ்கூல் டீச்சர். என் கதைகளை முதலில் படிக்கிறவள். பிள்ளைகள் பேப்பரைத் திருத்தித் திருத்தி, யாருடைய தப்பையும் விடமாட்டாள். சிறிது நேரத்தில் போன் வந்தது. பாட்டில் நல்லாருக்கு என்றாள், கொழுந்தன் நல்லாருக்கான் என்றாள். பிறகு குரல் மாறியது.

"ரெண்டு முடிவுலயும் 'சொன்னாள்'னு எழுதிட்டுப் போயிட்ட. என்ன சொன்னா? அந்த வார்த்தைய எழுது. அவ வாயில வர்ற மாதிரி எழுது. எழுத்தாளர் நீயே கூச்சப்பட்டா, பாவம் அவ என்ன பண்ணுவா?"

நான் சமாளித்தேன். அது வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டிய இடம், கலை என்பது மௌனம், இன்னும் ஏதேதோ. கேத்தரின் சிரித்தாள். சும்மா தப்பிக்காத என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. ஆரம்பத்திலிருந்து திரும்பப் படித்துப் பார்த்தேன். அந்த வார்த்தை டாக்டரின் வாயிலிருந்து வந்திருக்கிறது, கன்னடத்தில் வந்திருக்கிறது, கவியரசனின் மடிப்பில் வந்திருக்கிறது. அவள் வாயிலிருந்து மட்டும் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன்.

6

அந்த வசனத்துக்காக உட்கார்ந்தேன்.

நிஜமாகவே உட்கார்ந்தேன். வலி இல்லாததால் தைரியம் வந்து, கிச்சன் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எத்தனை வாரமாகிவிட்டது இப்படி உட்கார்ந்து. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எத்திராஜ் கெபாப் பொட்டலத்தைப் பிரிக்கிறான். அவள் கதவோரம் நிற்கிறாள். அவள் எப்படித் தொடங்குவாள்? என்ன சொல் போடுவாள்? நான்கைந்து விதமாக எழுதி அழித்தேன். கடைசியில் வந்தது இது. வழக்கம்போல வாய்விட்டுப் படித்தேன்.

"ஏங்க, கீழ மரத்துப்போச்சுங்க. உட்கார்ற எடமே தெரியல. காலைலேர்ந்து ஒண்ணுக்கும் வரல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

ஹாலிலிருந்து அருண், "இது நல்லாருக்கு அனு, நேச்சுரலா இருக்கு" என்றான்.

நேச்சுரலாகத்தான் இருந்தது. எனக்கே ஆச்சரியம். இத்தனை நாள் வாயில் வராத வசனம் இவ்வளவு சுலபமாக எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டே எழப்போனேன். அப்போதுதான் ஸ்டூலைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் நீளமாக ஒரு விரிசல் உண்டு. உட்கார்ந்து எழுந்தால் தொடைச் சதையைப் பிடித்துக் கிள்ளும். வீட்டில் யாரும் அதில் உட்காராததற்கு அதுதான் காரணம். இன்று அது கிள்ளவில்லை.

நைட்டியோடு சேர்த்து நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். விரலுக்குத் துணி தெரிந்தது, சதை தெரிந்தது. சதைக்குக் கிள்ளல் தெரியவில்லை. கிள்ளப்பட்டவள் யாரோ.

மேடையில் என் பாட்டில் காலியாக இருந்தது. நான் ஜெயலட்சுமி இல்லை, தண்ணீர் குடிக்கிறவள். காலையில் நிறைத்தேன், எழுதிக்கொண்டே குடித்தேன், மறுபடி நிறைத்தேன். எழுந்ததிலிருந்து ஒருமுறைகூட பாத்ரூமுக்குப் போகவில்லை. எழுத்தில் மூழ்கிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதிலும் கொஞ்சம் பெருமை இருந்தது.

போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கெட் நிறைந்து வழிந்தது. அடிவயிறு இறுகியிருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்து முதலில் என்ன செய்தேன் தெரியுமா? இதை எழுதினேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியவள் 'பக்கெட் நிறைந்து வழிந்தது' என்ற வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் என்பார்கள். படித்தவளுக்கு என்ன வெட்கம் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை அழிக்காமல் விடுகிறேன். இப்போதுதான் அந்த வெட்கம் எப்படிப்பட்டது என்று தெரிகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? வாய் திறந்தால் போதும், ஆனால் எழுதுவது சுலபமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபரேஷனுக்கு இல்லை. எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று எனக்குள் ஒருத்தி சொல்கிறாளே, அவளை நினைத்துத்தான் பயம்.

ஜெயலட்சுமியை உங்களிடம் விட்டுப் போகிறேன். அவளுக்கு என்னிடம் முடிவு இல்லை. அவள் கதவோரம்தான் இன்னும் நிற்கிறாள், கெபாப் ஆறிக்கொண்டிருக்கிறது. உங்களில் யாராவது அவள் பக்கத்தில் இருந்தால், எல்லாம் நார்மலா என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியதை அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவள் முகம் சிவந்தால் சிவக்கட்டும்.

இப்போது கிச்சனிலிருந்தே சொல்லிவிட்டேன். 'ஏங்க'வை எடுத்துவிட்டு, அவன் பெயரை வைத்து.

"அருண், கீழ மரத்துப்போச்சு. காலைலேர்ந்து யூரின் வரல. இப்பவே போகணும்."

ஹாலில் யாரோ சிக்ஸர் அடித்த சத்தம். அது அடங்கியதும் அவன் குரல் வருகிறது, கோபமாகக்கூட இல்லை.

"என் பேரை வெக்காதன்னு சொல்லியிருக்கேன்ல?"

இன்னொரு முறை சொல்ல வேண்டும். அவன் முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும். இந்த லேப்டாப் என் கையில் திறந்திருக்கும்வரை நான் எதைச் சொன்னாலும் அவனுக்கு அது வசனம்தான். அதனால் மூடுகிறேன்.